படிவத்தில் இல்லாத கட்டம்

பஸ் கல்லடிப் பாலத்தில் ஏறும்போது
படிவம் சட்டைப் பையில் நாலாய் மடிந்திருந்தது.
உயரம், இரத்த வகை, செய்த சத்திரசிகிச்சைகள்.
இடது தொடையில்
தொண்ணூறாம் ஆண்டு நுழைந்த இரும்புத் துண்டு
எந்தக் கட்டத்துக்குள் வரும்?

மழைக்கு முன்னம் குத்தும்.
வானொலியை விடச் சரியாகச் சொல்லும்.

நேசமலர் மறுக்கவில்லை.
மீன் கழுவிக்கொண்டே கேட்டாள்:
"முப்பத்தோராம் நாளுக்கு
எதை நினைச்சுச் சமைக்கிற?"

உறவினர் ஒருவர் சாட்சி வைக்க வேண்டுமாம்.
மூத்தவன் தோஹாவில்.
"யோசிச்சுச் செய்யுங்க" என்றான்,
பிறகு அங்கத்தை வெயிலைப் பற்றிக் கதைத்தான்.

ஏதோவொரு பிள்ளை
வெள்ளைக் கோட்டோடு குனிந்து
நரம்பைத் தேடும்போது
கத்தி 'டிக்' என்று நிற்கும்.
புத்தகத்தில் இருக்காது.

துண்டுத் தாளொன்றில் எழுதி
படிவத்தோடு குத்தினேன்:
"பிள்ளை, இது எலும்பில்லை.
கை கவனம்."

கையெழுத்து இன்னும் போடவில்லை.