பெண்கள் பக்கம்

கீழக்கரையில், கடலிலிருந்து மூன்றாவது தெரு. மாடியறை.
உப்புக் காற்றில் லென்ஸுக்குப் பூஞ்சை பிடிக்கும் என்று
அரிசி டப்பாவுக்குள் வைத்திருக்கிறேன் கேமராவை.

ஒரு நிக்காஹுக்கு இரண்டு ஆல்பம் ஏற்றுவேன்.
ஆண்கள் பக்கம் திறந்தே கிடக்கும்.
பந்தல், பள்ளிவாசல், சஹனைச் சுற்றி மாமன்மார்.
யாரும் பார்க்கலாம், யாரும் பார்ப்பதில்லை.

பெண்கள் பக்கத்துக்குக் கடவுச்சொல்.
இரண்டு வீட்டுக் கொல்லைக்கு நடுவே
பெண்கள் மட்டும் நடக்கிற சந்து இருக்கிறதே எங்கள் தெருவில்,
அதை இணையத்தில் கட்ட
மூன்று ராத்திரி ஆனது எனக்கு.
தேடலில் அகப்படாதே என்று ஒரு பெட்டியில் டிக்,
பதிவிறக்கம் கூடாது என்று இன்னொன்றில்.
முகப்புப் படத்தை மறந்துதான் முதல் தடவை மாட்டினேன்:
கதவு பூட்டியிருக்க
கதவின் மேலேயே மணப்பெண்.

என்ன வார்த்தை வைக்க என்று கேட்டால்
எல்லா உம்மாக்களும் கல்யாணத் தேதியைச் சொல்வார்கள்.
அது பத்திரிகையிலேயே அச்சாகியிருக்கு மாமி, என்பேன்.
"அப்ப மாப்பிள்ளையோட நம்பர்?"
கடைசியில் பூனையின் பெயரில் முடியும்,
அல்லது காக்கா தவறவிட்ட சார்ஜா விமானத்தில்.
ஸ்கிரீன்ஷாட்டுக்கு என்னிடம் பூட்டில்லை என்பதை
அட்வான்ஸ் வாங்கும் முன்பே சொல்லிவிடுவேன்.

மஃரூஃபாவின் ஆல்பத்துக்கு வார்த்தை தந்தது மாமியார்.
எண்ணூற்றுப் பதினொரு படம்.
தொண்டியில் கொஞ்சம், கொழும்பில் கொஞ்சம்,
நாற்பது பேருக்காவது தெரிந்த ரகசியம்.

ஏழு மாதம் கழித்து, மழை பிடித்த ஒரு அசருக்குப் பின்
படியேறி வந்தாள்.
"லாத்தா, அந்த வார்த்தையை மாத்தணும்."
ஏன் என்று கேட்கவில்லை.
ஜமாஅத்தில் கையெழுத்தான விஷயம்
எந்தப் பூட்டில் நின்றது?
"அழிச்சிடவா?"
"வேணாம்."

மவுஸை வாங்கி அவளே உருட்டினாள்.
மேடை போனது. மாலை போனது.
நகை எண்ணிக் காட்டிய நாத்தனார் போனாள்.
நின்ற இடத்தில்,
அலங்காரம் தொடங்குமுன், நைட்டியோடு, ஈரத்தலையோடு
சமையற்கட்டுப் படியில் அவள்.
மருதாணிக் கையால் தொதலைப் பிடிக்க முடியாமல்
கிண்ணத்துக்கே வாயைக் கொண்டுபோகிறாள்.
வெளிச்சம் சரிபார்க்க நான் எடுத்தது.

"இது மட்டும் எனக்கு."

புது ஆல்பம். ஒரு படம்.
பெயர் கேட்டது திரை. எழுத வேண்டாம் என்றாள்.
மறந்தால் நினைவூட்ட ஒரு குறிப்பு கேட்டது.
அதுவும் வேண்டாம்.
கடவுச்சொல் இடம் வந்ததும்
நாற்காலியை அவளுக்கு விட்டு ஜன்னலுக்குப் போனேன்.
ஜெட்டிப் பக்கம் ஒரு வத்தை
கயிற்றை இழுத்து இழுத்து ஆடிக்கொண்டிருந்தது.
ஒன்பது தட்டல். ஆறாவதற்கும் ஏழாவதற்கும் நடுவே
ரொம்ப நேரம்.
திரும்பியபோது ஒன்பது கறுப்புப் புள்ளிகள்,
உள்ளங்கை ஓரத்தில் மருதாணி வைத்த மாதிரி.

சொல்லாமல் விட முடியவில்லை.
"தளம் என்னோடது. எந்த வார்த்தையும் இல்லாம
நான் உள்ளே வரலாம், மஃரூஃபா."
துப்பட்டியைச் சரிசெய்தாள்.
"எடுத்ததே நீங்கதானே.
அந்தப் படத்துல நீங்க ஏற்கனவே இருக்கீங்க."

மீதி எண்ணூற்றுப் பத்து?
"உங்களுக்கே மறந்துபோற ஒரு வார்த்தை வைங்க, லாத்தா."
கண்ணை மூடிக்கொண்டு
விசைப்பலகையில் பத்து விரலையும் ஓட்டினேன்.
சரி என்றது திரை.

அதன் பிறகு சில நாள் சுபுஹுக்கு முன்
என் போனில் ஒரு சின்ன அறிவிப்பு வரும்:
பெயரிடாத ஆல்பம், பார்வை ஒன்று.
மறுபடி, பார்வை ஒன்று.
போன வெள்ளிக்கிழமை அமைப்புக்குள் போய்
அதை அணைத்துவிட்டேன்.