காலிச் சொளவு

முக்கூடல், பீடிக்கடை மாடி.
கீபோர்டு இடுக்கெல்லாம் புகையிலைத் தூள்.
ஸ்பேஸ் கட்டை ஒரு தட்டுக்கு இரண்டு இடம் விடும்,
சில நேரம் ஒன்றும் விடாது.
முதல் நாள் முழுக்க
உள்தள்ளல் சரியில்லை, உள்தள்ளல் சரியில்லை என்று
ஒரே பாட்டைப் பாடிக்கொண்டு கிடந்தது பைத்தான்.
பாதி நான் டேப் அடித்தது.
மீதி, எனக்கு முன் வேலை பார்த்துவிட்டு
திருப்பூருக்குப் போன பையன் ஸ்பேஸ் அடித்தது.
பார்வைக்கு எல்லாம் ஒரே நேர்கோடு.
வெற்றிடத்திலும் இரண்டு சாதி உண்டென்று
அன்றைக்குத்தான் தெரிந்தது.

அடுத்து, நாற்பத்தொன்றாம் வரியில் தப்பு என்றது.
நாற்பத்தொன்றைக் கீழிருந்து மேலாகவும் படித்தாயிற்று.
டீ வந்தது, ஆடை கட்டியது.
நாற்பதில் ஓர் அடைப்புக்குறி
சாத்தாத கதவாய்த் திறந்து கிடக்கிறது,
பழி பக்கத்து வீட்டுக்கு.

பிறகு கோமதி.
அப்படி ஒரு ஆளே இல்லை என்றது.
இருக்காளே, பட்டியலில் ஒன்பதாவது,
வாரம் ஐயாயிரம் பீடி,
கழிவென்று ஒரு கட்டும் திரும்பாத கை.
பெயரை எழுத்தெழுத்தாக உடைத்துப் பார்த்தேன்.
பழைய பதிவேட்டில் கொம்பு தனி, கால் தனி.
நான் அடித்தது ஒரே தட்டில் கோ.
கண்ணுக்கு ஒருத்தி, கணினிக்கு இரண்டு பேர்.
சங்கரனும் நாராயணனும் ஒன்றென்று காண
ஒற்றைக்காலில் தவம் நின்றவள் பெயர்,
அதுவே இரண்டாகிக் கிடந்தது.
சேர்த்துவைக்க ஒரு வரி போதுமாயிருந்தது.
அந்த வரியைக் கண்டுபிடிக்க
கடைசி பஸ் போயிருந்தது.

சனிக்கிழமை
சிவப்பு எழுத்தே இல்லை.
ஓடியது. முடிந்தது. கூலிச் சீட்டு அச்சானது.
"பரவால்லியே" என்றார் முதலாளி சாமுவேல் துரைராஜ்,
அவர் வாயில் அது பெரிய வார்த்தை.

நாலு மணிக்கு மாடிப்படி ஏறி வந்தாள் ஆவுடையம்மாள்.
இலை வெட்டிய கத்தரி இன்னும் இடுப்பில்.
"ஏ கம்ப்யூட்டர் பிள்ள,
நான் சுத்துனது மூவாயிரத்து இருநூறு.
எட்டாயிரத்துக்குத் துட்டு தந்திருக்கிய.
இது வேற எவ துட்டோ. பாரு."

பார்த்தேன்.
கூட்டல் சரி, பெருக்கல் சரி.
கத்துகிற பிழையைப் பிடித்துவிடலாம்,
சத்தமே இல்லாத இதை எங்கே பிடிக்க?
வரிக்கு வரி பிரின்ட் போட்டு,
ஒவ்வொருத்தி பெயருக்கும் நிறுத்தி,
எண்ணிக்கையைத் துப்பச் சொன்னேன்.
அவள் நகரவில்லை, என் தோளுக்குப் பின்னால்
வாய்விட்டு எண்ணிக்கொண்டு நின்றாள்.

போன வாரப் பாக்கி இல்லாதவர்களுக்கு
காலிச் சொளவு ஒன்று கொடு
என்று எழுதியிருந்தேன்.
கொடுத்திருக்கிறது.
ஆனால் ஃபங்ஷன் உருவான அன்றைக்கே
ஒரே ஒரு சொளவை வாங்கி வைத்து
அதையே கைமாற்றி விட்டிருக்கிறது.
முதலில் சண்முகவடிவு கொட்டினாள் இரண்டாயிரம். அவளுக்குச் சரி.
அதன்மேல் மெஹராஜ் பீவி இரண்டாயிரத்து எண்ணூறு.
அதன்மேல் ஆவுடையம்மாள்.
"தட்டிட்டுல்லா குடுக்கணும்" என்றாள்.
மூன்று நாள் படித்த பக்கங்களில் இல்லாத விளக்கம்.

திருத்தம் இரண்டு வரி.
வாசலில் ஒன்றும் வைக்காதே,
உள்ளே வந்த பின் ஆளுக்கொரு புதுச் சொளவு.

ஆவுடையம்மாள் அதிகப் பணத்தை மேசையில் எண்ணிவைத்துப் போனாள்.
மெஹராஜுக்கு ஆள் அனுப்பினோம்.
சிலிண்டருக்குக் கொடுத்தாயிற்றாம்.
"உங்க மிஷினுதான தந்துச்சு, நானா எடுத்தேன்?"
அந்த வாக்கியத்தில் நான் திருத்த ஒன்றுமில்லை.
நாலு வாரம் பிடித்துக்கொள்ளச் சொன்னார் முதலாளி.

கழிக்கும் வரியை எழுதினேன்.
வேறு யார் கூலியிலும் கை வைக்கிறதா என்று
மூன்று தடவை ஓட்டிப் பார்த்தேன்.
மெஹராஜ் பெயரில் மட்டும், மூன்று தடவையும்,
மிகச் சரியாகக் கழித்தது.
கீழே கடையை அடைத்துவிட்டார்கள்.
இந்த ஒரு தரம் தப்பிவிடாதா என்று
நாலாவது தடவையும் ஓட்டினேன்.