பாதி தூக்கிய ஷட்டர்

ஆஸ்பத்திரிக்கு எதிர்ச் சந்தில் என் கடை. பத்துக்கு எட்டு.
இரண்டு ஜெராக்ஸ் மெஷின், ஒரு லேமினேஷன்,
'டிக்கெட் எடுத்துத் தரப்படும்' என்று மூன்று மொழியில் போர்டு.
வங்காள வரியில் ஒரு பிழை இருக்கிறதாம்.
பதினோரு வருடமாகத் திருத்த நேரமில்லை.

நேரமில்லை என்பதுதான்
எங்கள் வீட்டில் ஆமென் போலக் கடைசியில் வரும் சொல்.
ஞாயிறு ஏழரை ஆராதனை;
பிரசங்கம் பாதியில் கை சாவியைத் தேடும்.
ஆசீர்வாதத்துக்கு முன்பே படியிறங்கி
ஒன்பதுக்கெல்லாம் ஷட்டரைத் தூக்கியிருப்பேன்.
காணிக்கையைக் குறைத்ததில்லை.
நாளைத்தான்.

நிறுத்தியது விசுவாசம் அல்ல, மெஷின்.
அக்னி நட்சத்திரத்தில் டிரம் வெந்துபோய்,
ராணிப்பேட்டையிலிருந்து வந்த மெக்கானிக் யோபு
மூடியைத் திறந்து முகம் சுளித்தான்:
"அக்கா, இதை ஆறவே விடமாட்டீங்களா?"
மெஷினைப் பற்றித்தான் கேட்டான்.
எனக்குக் கழுத்துவரை சுட்டது.

அடுத்த ஞாயிறு பூட்டினேன்.
பூட்டிவிட்டு என்ன செய்வதென்று தெரியவில்லை.
பீரோவை அடுக்கினேன். கலைத்து மறுபடி அடுக்கினேன்.
பணம் வந்த சத்தம் கேட்காத போனை,
தூங்கும் பிள்ளைக்கு மூச்சு வருகிறதா என்பதுபோல்
குனிந்து குனிந்து பார்த்தேன்.
பக்கத்துக் கடை வஹாப் பாய்
வெள்ளி மதியம் வாசலில் நாற்காலியைக் குறுக்கே போட்டுவிட்டுப் போவார்.
மாதம் ஒரு நாள் பராமரிப்பு என்று கரண்ட்டை நிறுத்தினால்
சத்துவாச்சாரியே முணுமுணுத்தபடி விசிறி எடுக்கும்.
நான்தான் என்னையே விசாரித்துக்கொண்டிருந்தேன்:
வாடகை? செல்வினின் பீஸ்?
மாதம் ஏழாயிரம் குறைந்தது.
வானத்திலிருந்து எதுவும் விழவில்லை.
சாட்சி சொல்கிறவர்கள் இதை விட்டுவிடுகிறார்கள்;
நான் சேர்த்தே எழுதுகிறேன்.

கடைக்கு வேலைக்கு வரும் தேன்மொழி
"சம்பளம் பிடிப்பீங்களாக்கா?" என்றாள்.
இல்லை என்றதும் ஒன்றும் பேசவில்லை.
திங்கட்கிழமை தலை காய்ந்து வந்தாள்.
ஆறு வருடத்தில் ஈரம் சொட்டாத பின்னலோடு
அவளை நான் பார்த்ததில்லை.
நாலாம் கட்டளைக்குள் வேலைக்காரியும் இருக்கிறாள்;
ஞாயிறு பள்ளியில் பரிசு வாங்கிய நாளிலிருந்து
அந்த இடத்தை வேகமாகத் தாண்டியே ஒப்பித்திருக்கிறேன்.

அந்நியனும் இருக்கிறான்.
ஐந்தாவது ஞாயிறு, மூன்று மணி வெயிலில் ஷட்டரைத் தட்டினான்.
மால்டாவிலிருந்து வந்தவன். காலையில் அப்பாவுக்கு ஆபரேஷன்.
ஆதார் இரண்டு காப்பி.
மாடியிலிருந்து கை விரித்தேன், போய்விடுவான் என்று.
போகவில்லை. மறுபடி தட்டவும் இல்லை.
நின்றான்.

குழியில் விழுந்த ஆட்டுக்குக் கை கொடுக்கலாமா என்று
எப்போதோ கேட்டாயிற்று,
பதிலும் வந்தாயிற்று.
இறங்கிப்போய் ஷட்டரைப் பாதி தூக்கினேன்.

மெஷின் சூடாக மூன்று நிமிடம்.
மற்ற நாளில் அதற்குள் நாலு பேருக்குச் சில்லறை எண்ணியிருப்பேன்.
இன்று எண்ண எதுவுமில்லை. அட்டையைப் பார்த்தேன்.
லட்சம் முகங்களை நகலெடுத்த கை;
ஒரு முகத்தையும் பார்த்ததில்லை.
நிரேன் மண்டல். காது பெரிது.
போட்டோவுக்கென்று சட்டைப் பொத்தானைக்
கழுத்துவரை மாட்டியிருக்கிறார்.
"பாபா?" என்றேன்.
தலையாட்டினான்.
தலை நின்ற பிறகும் தோள் ஆடிக்கொண்டிருந்தது.

காசு வாங்கவில்லை. டீ போட்டேன்.
படியில் ஆளுக்கொரு ஓரம் உட்கார்ந்தோம்.
அவனுக்கும் போக இடமில்லை, எனக்கும் ஓட வேலையில்லை.
போர்டை நிமிர்ந்து பார்த்தவன்
என் மார்க்கரைக் கேட்டு வாங்கி
ஸ்டூலில் ஏறி ஒரே ஒரு கொம்பு போட்டான்.
இத்தனை நாள் என்னவென்று எழுதியிருந்தது என்று கேட்டேன்.
வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான்.
சொல்லவே இல்லை.