ஆப்பு

எங்களுக்கு வடக்கு என்றால் எண்ணூர்.
மிஞ்சினால் மீஞ்சூர்.
அதற்கு மேல் ரயில் போகும், நாங்கள் போனதில்லை.

இந்த மரங்கள் வடக்குக்கும் வடக்கே இருந்து வருகின்றன.
துறைமுகத்தில் ராத்திரி பதினொன்றுக்குப் பிறகுதான்
டிரெய்லரை வெளியே விடுவார்கள்.
மூலக்கொத்தளம் வளைவில் ஒரு முறை முனகி
சுரங்கப்பாதையின் உயரம் போதாமல் ஊரைச் சுற்றி
விடிவதற்குள் வியாசர்பாடி.
சங்கிலியை அவிழ்த்ததும்
ஸ்டான்லியில் வார்டு கழுவின நேரத்து வாசனை.
பினாயில் ஊத்தி அனுப்பறாங்க, என்றான் முனிரத்தினம்.
பினாயிலுக்கே இதுதான் அப்பன் என்றேன்.
நம்பவில்லை.

என் வேலை அளப்பது.
டேப்பைச் சுற்றி, கன அடி போட்டு,
வெட்டு முகத்தில் சாக்பீஸால் எண் எழுதி
நோட்டில் ஏற்றுவது.
அங்கே எனக்கு முன்னால் ஒருவன்
நீலப் பெயிண்டில் எழுதியிருப்பான்.
ஏழு போட்டால் அதன் இடுப்பில் ஒரு கோடு இழுப்பான்.
பதினாறு வருஷமாக அவன் எண்ணை அடித்துவிட்டு
என் எண்ணை எழுதுகிறேன்.
அவனைப் பற்றி எனக்குத் தெரிந்தது
அந்தக் கோடு மட்டும்.

புதன்கிழமை, சாப்பாட்டுக்குக் கால்மணி முன்பு
அறுவை மெஷின் அலறியது.
தினமும் அலறுவதுதான். இது வேறு தினுசு.
ரகமத்துல்லா பாய் கையை இழுத்துக்கொண்டு குனிந்தார்.
பிளேடு அறுந்து, தகரக் கூரையை ஒரு தட்டுத் தட்டி
மரத்தூள் மூட்டைமேல் சுருண்டு படுத்தது.
யாருக்கும் ஒன்றுமில்லை.
தூள் அள்ளுகிற பொம்மியக்கா மட்டும்
கொஞ்சம் கழித்து
நின்ற இடத்திலேயே உட்கார்ந்தாள்.

கட்டைக்குள் இரும்பு ஆப்பு.
சாண் நீளம்.
அடி வாங்கி வாங்கி
தலை காளான் மாதிரி விரிந்திருந்தது.
சுற்றிலும் மரம் கறுத்திருந்தது.
கறுப்புக்கு வெளியே வளையங்களை எண்ணினேன்,
அளக்கிறவன் கை சும்மா இருக்காது:
எண்பத்து மூன்று.
பென்சில் முனையை வைத்து மறுபடி எண்ணினாலும்
எண்பத்து மூன்று.

"எவனோ நமக்கு ஆப்பு வெச்சிட்டாம்பா,
நம்ம பொறக்கறதுக்கு முன்னாடியே"
என்றான் முனிரத்தினம். எல்லாரும் சிரித்தோம்.
பாய் சிரிக்கவில்லை.

குளிர் என்று நான் அறிந்தது
காசிமேட்டில் ஐஸ் கட்டி இறக்கின இரண்டு மாதம்.
கோணியைச் சுற்றிக்கொண்டும் விரல் மரத்துப்போகும்,
மரத்துப்போவது என்ற சொல்லே
இப்போதுதான் காதில் விழுகிறது.
அந்தக் குளிரைக் காடு முழுக்கப் பரப்பிப் பார்த்தேன்.
பாதி அறுத்த மரம். அடித்து இறக்கின ஆப்பு.
பிறகு ஏன் விட்டுவிட்டுப் போனான்?
இருட்டியிருக்கலாம்.
சோற்றுக்கு மணி அடித்திருக்கலாம்.
இரட்டையாள் ரம்பத்தில்
எதிர்முனையைப் பிடித்தவன்
எதிர்முனையில் இல்லாமல் போயிருக்கலாம்.
மரம் விழவில்லை.
காயத்தை மூடிக்கொண்டு நின்றது.

சேட்டு வந்தார். ஆப்பைப் பார்க்கவில்லை,
பிளேடைப் பார்த்தார்.
"பாத்து அறுக்கக் கூடாதா?"
"மரத்துக்குள்ள பூந்தா பாக்கறது, சேட்டு?"
வாரம் எழுநூறு, நாலு வாரம் பிடித்தம்.
எழுத வேண்டியவன் நான்.

அங்கேயும் ஒரு நோட்டு இருந்திருக்கும்.
ஆப்பு ஒன்று குறைகிறது,
இன்னாருடைய கூலியில் கழிக்கவும் என்று
என்னைப் போல் ஒருவன்
அடுப்போரம் காலுறை காய்கிற கொட்டகையில்
தலை நிமிராமல் எழுதியிருப்பான்.
ஒரே இரும்பு,
இரண்டு சம்பளத்தில் பிடித்தம்.

எழுதி முடித்துப் பார்த்தால்
ஏழின் இடுப்பில் கோடு.
"இது என்ன, அடிச்சுட்டியா?" என்றார் சேட்டு.
இல்ல, கை இழுத்துடுச்சு என்றேன்.

மறுநாள் புதுப் பிளேடு.
கட்டை நெரித்து வாளைப் பிடித்தபோது
பாய் லுங்கி மடிப்பிலிருந்து அந்த ஆப்பை எடுத்தார்,
வெட்டு வாயில் வைத்தார்,
சம்மட்டியைக் கேட்டு வாங்கி
ஓங்கி ஒரு போடு.

டங்.

பேசின் பிரிட்ஜ் பக்கம் எஞ்சின் ஒன்று கூவியதில்
இரண்டாவது அடி எனக்குக் கேட்கவில்லை.