அட்டை

அட்டை என்ற பெயர் சும்மா வரவில்லை.
ராத்திரி காருக்கடியில் விரித்ததைக்
காலையில் இழுத்துப் பார்த்தாள் டிலா.
ஆறு சொட்டுக் குடித்து ஊறிக் கிடந்தது.
சிவப்புதான், ஆனால் பழைய சிவப்பு,
கழுவாத தேநீர்க் கோப்பையின் அடியைப் போல.

ஷ்கோடரில் நவம்பர். மூன்று நாள் மழை
சனிக்கிழமைக்கு மட்டும் விடுப்பு எடுத்திருக்கிறது.
திங்கள் விடியுமுன் நான்கு பெண்களைச்
செருப்பு ஆலையில் கொண்டு இறக்க வேண்டும்,
ஆளுக்கு இருநூறு லெக்.
முப்பத்தெட்டு வயது மெர்சிடிஸ்,
அவளைவிட ஒரு வயது மூப்பு.

வேலிக்கு அப்பால் சீமைப்பனிச்சை பறித்துக்கொண்டிருந்த பாஷ்க்
ஏணியில் நின்றபடியே சொன்னான்:
"பழைய ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸைத் தொடாதே.
உள்ளே இருக்கிற அழுக்குதான்
அதைப் பிடித்து வைத்திருக்கிறது."
அவள் கல்யாணத்தைப் பற்றியும்
இதையே சொன்னவன் அவன்.
அப்போதும் அவள் கேட்கவில்லை.

போன மாதம் அடித்தட்டுக்குப் புது கேஸ்கெட் போட்டாள்.
நிற்கவில்லை. போல்ட்டை முறுக்கினாள்.
நிற்கவில்லை. பல்லைக் கடித்து முறுக்கினாள்.
தட்டின் விளிம்பு அலையலையாய் வளைந்ததுதான் மிச்சம்.

இந்த முறை
இரண்டு முக்காலி கொடுத்து, சக்கரத்துக்குக் கட்டை வைத்து,
வண்டியை இடுப்பால் இடித்துப் பார்த்துவிட்டு
அடியில் நுழைந்தாள்.
பெட்ரோலில் துடைத்தாள், காயவிட்டாள்,
கால் பவுடரை ஊதினாள்.
எஞ்சினை ஓடவிட்டு நிறுத்தி, டார்ச்சோடு மறுபடி படுத்தாள்.

வெள்ளையில் ஒரு சிவப்புக் கோடு.
மேலே, கியர்த் தண்டு உள்ளே நுழையும் இடத்தில் தொடங்கி
உலோகத்தின் முதுகோடு வழிந்து வந்து
தட்டின் மூலையில்
அங்கேயே பிறந்தது போலத் தொங்கியது.
பாவம் தட்டு.
ஒரு மாதமாகத் திட்டு வாங்கியிருக்கிறது.

திறந்தாள். நான்கு லிட்டர்.
கன்வெர்ட்டரின் திருகு ஜன்னலில் தெரியும்வரை
எஞ்சினைக் கையால் சுற்றிச் சுற்றி
அதிலிருந்து இன்னொரு இரண்டு.
முழங்கை வழியாக அக்குள்வரை ஓடியது.
தட்டின் அடியில் சாம்பல்நிற விழுது மட்டும்,
விரலால் தேய்த்தாள், நெருடவில்லை.
அப்போதுதான் மூச்சு விட்டாள்.

மூன்று திருகில் ஃபில்ட்டர் கழன்றது.
தண்டின் ரப்பர் வளையம் மட்டும் வர மாட்டேன் என்றது,
ஊசியால் கிண்டியதில் துண்டு துண்டாக வந்தது.
சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.
இதுதான் அந்தச் சுண்டைக்காய்.

தட்டை மரக்கட்டையில் கவிழ்த்து
சின்னச் சுத்தியால் தட்டித் தட்டிச் சமமாக்கினாள்.
போல்ட்டுக்கு எட்டு நியூட்டன் மீட்டர், குறுக்கும் நெடுக்குமாக.
டார்க் ரெஞ்ச் 'க்ளிக்' என்றதும்
கை தானாக இன்னும் கொஞ்சம் திருகப் பார்த்தது.
கையை எடுத்துக்கொண்டாள்.

புது எண்ணெய்
அளவுக்கோலின் மெல்லிய குழாய் வழியே
அவசரம் தெரியாமல் இறங்கியது.
நெம்புகோலை எல்லாப் படியிலும் நிறுத்தி எடுத்தாள்,
சூடானதும் அளந்தாள். அரை விரல் கூடுதல்.
என்ன செய்வதென்று நின்றாள்.
பாஷ்க் எதுவும் பேசாமல் வேலியைத் தாண்டி வந்து
மாட்டுக்கு ஊசி போடும் பெரிய சிரிஞ்சை நீட்டினான்,
ஒரு முழ ரப்பர் குழாயோடு.

புனா பாலம்வரை ஓட்டிப் பார்த்தாள்.
இரண்டிலிருந்து மூன்றுக்குப் போகும்போது
பின்சீட்டு மிரிகாவின் காப்பி தினம் சிந்தும் இடம் ஒன்று உண்டு.
அந்த இடம் எப்போது கடந்ததென்று தெரியவில்லை.
திரும்பி வந்து இன்னொரு முறை போனாள்.

ஞாயிறு காலை. புது அட்டை.
கியர்பாக்ஸுக்கு நேர்கீழே மணல்நிறம், காய்ந்த மணல்நிறம்.
ஒரு சாண் முன்னால் தள்ளி
ஒரே ஒரு சொட்டு.
தொட்டாள், முகர்ந்தாள்.
ஸ்டீயரிங்கும் இதே எண்ணெயைத்தான் குடிக்கிறது.

பேனாவால் சுற்றி வட்டம் போட்டுத் தேதி எழுதினாள்.
"என்ன, நின்றுவிட்டதா?" என்றது வேலி.
"நின்றுவிட்டது," என்றாள்.
"இது வேற."