எச்ச உம்மை

ஜூனோவில் மழை.
சட்டமன்றத்தின் மூன்றாம் மாடியில்
தீர்மானங்கள் எழுதுகிறவள் சிக்னே ஓர்வால்.
இன்று, அட்டு தீவுப் போரின் எண்பதாம் ஆண்டு.
மூன்று பக்கத்துக்கு ஒரே வாக்கியம்.
ஒவ்வொரு பத்தியும் அடுத்ததன் தோளில்
கை வைத்து நிற்கும்.
வினைமுற்று கடைசியில்தான் வரும்:

மே மாதப் பனிமூட்டத்தில் நம் படையினர்
கரையேறினர் என்பதாலும்,
மூன்று வாரம் ஏறிச் சறுக்கிப் போரிட்டுத்
தீவை மீட்டனர் என்பதாலும்,

தோல் பூட்ஸுக்குள் ஊறிய ஈரத்தில்
குளிர் தின்ற கால்கள்
ஆயிரத்துக்கும் மேல் என்பதாலும்...

இந்த மூன்றாவதை
உறுப்பினர் டெல்வின் க்ராஃப்ட் பென்சிலால் அடித்தார்.
"பூட்ஸுக்காக யாரும் எழுந்து நிற்க மாட்டார்கள், சிக்னே."

குழுக் கூட்டத்துக்கு அட்காவிலிருந்து ஒரு தொலைபேசி.
இரைச்சலுக்கு நடுவே பரஸ்கோவியா:
"என் அம்மாவின் ஊர் அது.
நீங்கள் கரையேறுவதற்கு முந்தின வருஷமே
ஜப்பான்காரன் ஊரோடு கப்பலேற்றிவிட்டான்.
ஒடாருவில் பாதிப் பேரைப் பறிகொடுத்தோம்.
மிஞ்சியவர்களைத் தீவுக்குத் திரும்ப விடாதது
ஜப்பான்காரன் இல்லை.
மீட்டோம் என்கிறீர்களே,
யாருக்கு மீட்டீர்கள் என்று
அதில் ஒரு வரி போடுவீர்களா?"

இரண்டு நிமிடம் முடிந்தது.
தலைவர் நன்றி சொன்னார்.
அடுத்து, நண்டுக்கூண்டு உரிமக் கட்டணம்.

அன்றிரவு சிக்னே ஒரு பத்தி எழுதினாள்.
காலையில் அது இல்லை.
இன்னொன்று, சிறியது. அதுவும் இல்லை.
கடைசியில் யார் கண்ணிலும் படாமல் தங்கியது
ஒரே ஒரு சொல்:
'உயிர் நீத்த வீரர்களையும்
இம்மன்றம் போற்றுகிறது.'

வீரர்களையும்.
வேறு யாரை?
மெய்ப்புப் பார்த்தவர் கேட்கவில்லை.
நாற்பது நாற்காலிகள் பின்னால் நகர்ந்தன,
ஒரு நிமிட மௌனத்தில்
யாரோ இருமலை விழுங்கினார்,
எதிர்ப்பு எவருமில்லை.

அவள் மொழியில் அது தனிச்சொல்.
என் மொழியில் ஓர் ஒட்டு.
ஒன்பதாம் வகுப்பில்
மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்து
மறந்தே போயிருந்த பெயர் அதற்கு உண்டு:
இறந்தது தழுவிய
எச்ச உம்மை.

தங்க முத்திரை ஒட்டிய பிரதி ஒன்று
அட்காவுக்குப் புறப்பட்டது.
பனிமூட்டம்.
விமானம் இரண்டு முறை வட்டமடித்துவிட்டு
தபால் பையோடு
டட்ச் ஹார்பருக்கே திரும்பியது.