அறுபது கிரெயின்

போன நவம்பரில் அந்தப் பெட்டியை விற்றவன் நான்தான்.
சிவப்பு முனை. ஐம்பத்தைந்து கிரெயின்.
இருபது தோட்டா, பதினெட்டு டாலர்.
எதற்கு என்று கேட்டிருக்க வேண்டும்.
கல்லா முன்னால் ஆறு பேர் வரிசை,
கதவு திறக்கும்போதெல்லாம் பனி உள்ளே வந்தது,
விடிந்தால் மான் பருவம்.
கேட்கவில்லை.

ஐலா கோஸ்கிக்கு வலது தோளில் இரண்டு திருகாணிகள்.
மர ஆலையில் சங்கிலி அறுந்த நாள் கொடுத்தது.
பெரிய துப்பாக்கியின் உதையை
அந்த எலும்பு இனி வாங்காது.
அதனால்தான் இந்தச் சின்னக் குழல்,
பென்சில்கூட நுழையாது.
மிச்சிகனின் இந்த வடகோடியில்
அதைத் தூக்கிக்கொண்டு மானுக்குப் போகிறவளைப் பார்த்து
சிரித்தார்கள்.
நானும்தான்.

சிவப்பு முனை கொயோட்டிக்கானது.
வெங்காயத் தோல்போல மேலுறை.
பட்ட இடத்திலேயே வெடித்துப் பொடியாகி
கொண்டுவந்த கோபத்தையெல்லாம் வாசலிலேயே கொட்டிவிட்டு
வீட்டுக்குள் போக மறந்துவிடும்.
அவள் சுட்டது மானின் தோளில்.
முன்னங்கால் ஊசலாட
தேவதாருச் சதுப்புக்குள் ஓடியதாம்.
ரத்தம் முதலில் உள்ளங்கை அகலம்,
பிறகு பொத்தான் அளவு,
பிறகு பனி.
இரண்டு நாள் தேடினாளாம்.

இதெல்லாம் கசாப்புக்கடை ட்ரெசைஸ் சொன்னது.
அவள் என்னிடம் எதுவும் சொல்லவில்லை.
மிச்சம் பதினோரு தோட்டாக்களோடு
பெட்டியைக் கல்லாமேல் வைத்தாள்.
பணத்தைத் திருப்பிக் கேட்கவில்லை.

ஆகஸ்டில் நானே கூப்பிட்டேன்.
சரளைக் குழியில், கொசுக்களுக்கு நடுவே,
முழுச் செம்பில் நீளமாகச் செய்த ஒன்றை முதலில் சுட்டாள்.
தாளில் விழுந்தது துளையில்லை, சாவித்துவாரம்.
குண்டு குறுக்கே படுத்துக்கொண்டு போயிருக்கிறது.
பழைய குழல் அவளுடையது,
பன்னிரண்டு அங்குலத்துக்கு ஒரே ஒரு சுற்றுதான் சுற்றிவிடும்;
நெட்டைக்காரனுக்கு அந்தச் சுழற்சி போதாது,
தள்ளாடுவான்.
விலை அதிகமென்றால் நல்லதென்று
நான் எடுத்துவந்தது அது.
அவள் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டாள்.
"அடுத்தது?"

அடுத்தது அறுபது.
குட்டையானது, மூக்கில் கொஞ்சம் ஈயம் தெரியும்.
நடுவில் ஒரு செம்புச் சுவர்:
முன்னறை சிதறினாலும் பின்னறை
நடந்துகொண்டே இருக்கும்.
உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தேன்.
அரைப் பவுனுக்கும் ஒரு பொட்டு குறைவு.
இவ்வளவு கொஞ்சத்தை நம்பி
எப்படி ஒரு உயிரின் முன்னால் போய் நிற்பது?
அவள் அதைக் கேட்கவில்லை.
நூறு கஜத்தில் மூன்று துளைகள்,
மூன்றையும் ஒரு காசால் மூடலாம்.
அதற்கப்புறமும் பென்சிலை எடுத்து
பெட்டிமேல் எழுதினாள்:
தோள் வேண்டாம். விலாவுக்குப் பின்னால். பக்கவாட்டில் மட்டும்.

முதல் நாள் ஒரு பெரிய கொம்பன்
நேருக்கு நேராக வந்து நின்றானாம், நாற்பது கஜத்தில்.
விரல் பாதுகாப்பு விசையிலேயே இருந்ததாம்.
திரும்பவே இல்லை அவன்,
வந்த வழியே பின்வாங்கிப் போய்விட்டான்.
நான்காம் நாள் ஒரு பெண்மான்.
ஐம்பதடிகூட ஓடவில்லை.

எதிர்ப்பக்கத் தோலுக்கடியில் சிக்கியிருந்ததை
காகிதத்தில் சுற்றிக் கொண்டுவந்தாள்.
மருந்து நிறுக்கும் தராசில் வைத்தோம்.
நாற்பத்தொன்று.
"மீதி பத்தொன்பது?"
"சுற்றிலும் ஒரு சாண் வெட்டி எறிந்தேன்" என்றாள்.
கொஞ்சம் பொறுத்து,
"எல்லாம் அதிலேயே போயிருக்குமா, தெரியாது."
எனக்கும் தெரியாது.

இன்றைக்கு வரிசையில் ஒரு பையன்,
சிவப்பு முனைப் பெட்டியைத் தள்ளுகிறான்.
"எதற்கு?"
"கொயோட்டிக்கு."
புது ஆரஞ்சுச் சட்டை, விலைச்சீட்டு இன்னும் தொங்குகிறது.
மேல்பையில் எட்டிப் பார்க்கிறது
மான் உரிமத்தின் நுனி.
அவனுக்குப் பின்னால் யாரோ தொண்டையைச் செருமுகிறார்கள்.
பெட்டிமேல் வைத்த கையை
நான் இன்னும் எடுக்கவில்லை.